கட்டப்பட்ட கைகள்: மறதி நோயும் எமது கதைகளும்

2006ஆம் ஆண்டில் நான் எழுதிய சிறுகதை ஒன்றை அண்மையில் மீண்டும் வாசிக்க நேர்ந்தது. தொகுதி ஒன்றில் சேர்ப்பதற்காக நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அனுப்புவதற்கு முன்னர் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். வாசித்து முடித்தபோது அனுப்ப மனம் வரவில்லை. வெளிவந்த காலத்தில் பலரும் பாராட்டிய கதைதான் அது. வசனங்களிலும் பெரிய குறையில்லை. ஆனால் அந்தக் கதை பொய் சொல்லியிருந்தது.

கதை எனது மூத்தம்மாவைப் பற்றியது. டிமென்சியா எனும் மறதி நோயுடன் ஆறு வருடங்கள் வாழ்ந்து மௌத்தானவர். கதையில் அவர் பேரனைப் பார்த்து "நீ ஆரு மகன்?" என்று கேட்கிறார். மௌத்தாகி முப்பது வருடமான கணவருக்குச் சோறு போட்டு மூடிவைக்கிறார். மஃரிப் நேரமானால் "ஊட்ட போகணும்" என்று தன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறார். இறுதிக் காட்சியில் வைத்தியசாலைக் கட்டிலருகே மகன் நிற்கிறான். மூக்கு வழியாகச் செல்லும் உணவுக் குழாயை உயர்த்திப் பிடித்திருக்கிறான். ஒரு காலத்தில் தாயிலிருந்து தனக்கு வந்த தொப்புள்கொடி இப்போது தன்னிலிருந்து தாய்க்குப் போவதாக அவனுக்குத் தோன்றுகிறது. கதை அங்கே முடிகிறது. இந்தப் படிமத்தைப் பற்றி மட்டும் வாசகர் வட்டமொன்றில் மூவர் பேசினார்கள்.

நான் எழுதாமல் விட்டவை மூன்று.

முதலாவது, அந்தக் குழாயை மூத்தம்மா மூன்று தடவை பிடுங்கி எறிந்தார். நான்காவது தடவை குழாயைப் போட்ட பின்னர் அவரது இரண்டு கைகளையும் துணிப்பட்டியால் கட்டிலின் கம்பியோடு கட்டிவைத்தார்கள். பத்து நாட்கள் அப்படித்தான் கிடந்தார். கதையில் மகன் குழாயைப் பிடித்திருந்த அதே நேரத்தில் தாயின் கைகள் கட்டப்பட்டிருந்தன.

இரண்டாவது, அதற்கு ஒரு வருடம் முன்னர் குளிப்பாட்டும்போதெல்லாம் அவர் அலறுவார், அடிக்கவும் வருவார். குணம் மாறிவிட்டது என்றோம். ஜின்னாக இருக்கலாம் என்று ஓதிப் பார்க்கவும் ஆளழைத்தோம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஒரு நாள் வந்து, சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றுவதற்காக இடது கையை உயர்த்தும் போதுதான் அலறல் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தார். தோள்மூட்டில் நோவு. குளிப்பாட்டுவதற்கு முன்னர் கொடுப்பதற்கு பனடோலும், முன்பக்கம் திறக்கும் சட்டையும் சொன்னார். ஒரு கிழமையில் ஜின் போய்விட்டது. இது கதைக்கு உதவாது என்று நினைத்தேன்.

மூன்றாவது, ஆறு வருடங்களும் மூத்தம்மாவைக் கழுவித் துடைத்து ஊட்டியவர் எமது குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஏழை ராத்தா ஒருவர். என் கதையில் அவர் ஒரே ஒரு வசனத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

இம்மூன்றும் விடுபட்டது தற்செயலானதல்ல. நான் எழுதியது ஒரு மகனின் விசுவாசத்தைப் பற்றிய கதை. மூத்தம்மாவின் நோய் அவனுக்கு வைக்கப்பட்ட பரீட்சை. நோவு யாருடையது என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. அந்தக் கதை தந்த ஆறுதல் வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது. நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை.

எனது கதைக்கு மட்டும் உரிய நோய் இது எனில் இவ்வளவு எழுதத் தேவையில்லை. மறதி நோயைக் குறியீடாக்கும் ஆசை எம் போன்றவர்களுக்கு மிக இயல்பானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களையும், எல்லைக் கிராமங்களில் காணிகளை இழந்தவர்களையும் கொண்ட சமூகத்துக்கு, எல்லாவற்றையும் மறந்து பழைய ஊரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் மூதாட்டி ஒருத்தி எழுத்தாளன் கைக்கு வாகான பாத்திரம். அவளது மறதி எமது இழப்பாகிவிடும். அவளது பிதற்றல் வரலாறாகிவிடும். ஆனால் குறியீட்டுக்குப் படுக்கைப் புண் வருவதில்லை. குறியீட்டுக்கு மலச்சிக்கல் இல்லை. குறியீட்டின் தோள்மூட்டு நோவதில்லை.

மார்க்க ரீதியாக நாம் இவ்விடயத்தில் வெறுங்கையர்கள் அல்லர். அறிந்திருந்தவை எதையும் அறியாத தளர்ந்த வயதுக்கு மனிதர் சிலர் திருப்பப்படுவதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆவது வசனமும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆவது வசனமும் பேசுகின்றன. அந்நிலையிலிருந்து நபியவர்கள் பாதுகாவல் தேடியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் மிகச் சிறிய சொல்லைக்கூடச் சொல்லக்கூடாது என்பது அல்இஸ்ரா 23ஆவது வசனத்தின் கட்டளை. இவை எமது மேடைகளில் எப்போதும் பேசப்படுபவை. ஆனால் பேச்சு முழுவதும் பிள்ளையின் கடமையைச் சுற்றியே நின்றுவிடுகிறது. 'சீ' என்று சொல்லாமல் விட்ட பிறகு அடுத்ததாக என்ன செய்வது, எதைக் கவனிப்பது, எங்கே தொடுவது, எப்போது ஊட்டுவது என்ற அறிவை மிம்பரும் சொல்லவில்லை. எமது புனைகதையும் சொல்லவில்லை.

அந்த அறிவைத் தொட்டுச் செல்லும் முஸ்லிம் உலகப் படைப்புகள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஈரானிய இயக்குநர் அஸ்கர் பர்ஹாதியின் 'ஒரு பிரிவு'. 2011இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதையும், 2012இல் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்ற திரைப்படம். நாட்டைவிட்டுப் போக விரும்பும் மனைவி ஸிமினுக்கும், அல்சைமர் நோயுள்ள தந்தையை விட்டு வரமுடியாத நாதிருக்கும் இடையிலான விரிசலில் படம் தொடங்குகிறது. நீங்கள் மகன் என்பதே அவருக்குத் தெரியாதே என்று மனைவி கேட்க, அவர் என் தந்தை என்பது எனக்குத் தெரியும் என்ற கருத்தில் நாதிர் பதில் கூறுகிறான். இந்தப் பதிலைக் கொண்டாடாதவர் இல்லை. எனது கதையும் இந்தப் பதிலின் ஏழை உறவுதான்.

ஆனால் பர்ஹாதி அதற்கு அப்பாலும் போகிறார். கிழவரைப் பார்த்துக்கொள்ள வரும் ராஸியா வறுமைப்பட்ட, மார்க்கப் பேணுதலுள்ள கர்ப்பிணி. முதல் நாளே கிழவர் ஆடையை அசுத்தப்படுத்திவிடுகிறார். அந்நிய ஆணைக் கழுவுவது பாவமா என்று தொலைபேசியில் மார்க்க விளக்கம் கேட்கிறாள். பாவமில்லை என்று அறிந்த பின்னரே உதவுகிறாள். எமது வாசகர்கள் பலருக்கு உள்ளத்தைத் தொடும் காட்சி இது. கேட்க வேண்டிய கேள்விதான். கிடைத்ததும் நல்ல பதில். ஆயினும் அனுமதி கிடைத்துவிடுவதால் அறிவு கிடைத்துவிடாது. பின்னொரு நாளில் அதே ராஸியா, வெளியே போகவேண்டிய நிர்ப்பந்தத்தில் கிழவரின் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போகிறாள். வீடு திரும்பும் நாதிர், கை கட்டப்பட்ட நிலையிலேயே தந்தை தரையில் விழுந்து கிடப்பதைக் காண்கிறான். அதிலிருந்துதான் வழக்கு, பொய், சத்தியம் எல்லாம் விரிகின்றன.

நீதிமன்றக் காட்சிகளில் எல்லோரும் பேசுகிறார்கள். கணவன், மனைவி, பணிப்பெண், அவளது கணவன், ஆசிரியை, மகள் அனைவருக்கும் ஒரு தரப்பு உண்டு. கிழவருக்கு மட்டும் தரப்பு இல்லை. படிப்படியாக அவர் பேச்சையே நிறுத்திவிடுகிறார். ஆனாலும் பர்ஹாதியின் கமெரா அவரை மறப்பதில்லை. பத்திரிகை வாங்கும் பழைய வழக்கத்தை அவரது கால்கள் மறக்கவில்லை என்பதை அது காட்டுகிறது. தந்தையைக் குளிப்பாட்டும்போது நாதிர் உடைந்து அழும் காட்சியைப் பலரும் மகனின் துயரமாகப் பார்க்கிறார்கள். நான் இம்முறை அழுத்தித் தேய்க்கும் கையையும், நனைந்த அந்த வயோதிப முதுகையும் பார்த்தேன். யாரும் கேட்காத உடல் அங்கே இருக்கிறது.

இரண்டாவது, மொரோக்கோவின் பெஸ் நகரில் பிறந்து பிரெஞ்சில் எழுதும் தாஹர் பென் ஜெலூன் 2008இல் வெளியிட்ட 'என் தாயைப் பற்றி' எனும் நூல். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் வந்தது. தஞ்சாவில் படுக்கையிலிருக்கும் தாய் தன்னைப் பழைய பெஸ் நகரில் இருப்பதாக எண்ணுகிறாள். இறந்தவர்களோடு பேசுகிறாள், மகனை வேறொருவராகக் காண்கிறாள். மகன் அவளைத் திருத்தி இன்றைய திகதிக்கு இழுத்துவரப் போராடவில்லை. அருகிலிருந்து கேட்கிறான், அவள் இருக்கும் பெஸ் நகருக்குத் தானும் போகிறான். அந்தப் பயணமே நூலாகிறது. பென் ஜெலூன் முறைப்படி கற்று இதைச் செய்தாரா என்பது முக்கியமல்ல. பராமரிப்புத் துறையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்தானிய உளவியலாளர் டொம் கிற்வூட் 1997இல் வெளியிட்ட நூலில், மறதி நோயாளியைச் சிதைப்பதில் மூளையின் அழிவுக்கு மட்டுமன்றி, சுற்றியிருப்போர் அவரை மடக்குவதற்கும், குழந்தையாக்குவதற்கும், இல்லாதவர் போல் நடத்துவதற்கும் பங்குண்டு என்று வாதிட்டார். "வாப்பா மௌத்தாகி முப்பது வருசம்" என்று மூத்தம்மாவுக்கு நாங்கள் ஒவ்வொரு நாளும் நினைவூட்டினோம். ஒவ்வொரு நாளும் அவர் புதிதாக விதவையானார்.

பென் ஜெலூனின் நூலிலும் பணிப்பெண் ஒருத்தி உண்டு. கெல்தூம் என்பது அவள் பெயர். மகன் வந்து போகிறவன், அவள் இருப்பவள். சலிப்பும் சண்டையுமாக அவள் நூல் முழுவதும் நடமாடுகிறாள். அவளைத் தியாக தேவதையாக்காமல் விட்டது ஆசிரியரின் நேர்மை. ராஸியாவும் கெல்தூமும் எங்கள் ராத்தாவும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பெற்றோர் பேணல் என்று நாம் பெருமைப்படும் மரபின் உழைப்பு பெரும்பாலும் ஏழைப் பெண்களின் உழைப்பு. அதன் நன்மையை ஆண்மக்களின் கணக்கில் எழுதுவது எமது இலக்கியத்தின் பழக்கம்.

இனி, ஆறுதலை முதன்மைப்படுத்தும் தணிப்புப் பராமரிப்பு என்பது என்ன என்று சொல்ல வேண்டும். நோயைக் குணப்படுத்த முடியாத இடத்திலும் நோவையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் குறைக்க முடியும் என்பதே அதன் அடிப்படை. 1967இல் சிசிலி சோன்டர்ஸ் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கியபோது அது முக்கியமாகப் புற்றுநோயாளருக்கான சிந்தனையாக இருந்தது. மறதி நோயும் உயிரைக் கொண்டுபோகும் நோய்தான் என்பது காலம் தாழ்த்தியே உணரப்பட்டது. பொஸ்டன் பகுதியின் 22 பராமரிப்பு இல்லங்களில் முற்றிய நிலையிலிருந்த 323 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், 18 மாதங்களுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 85 வீதத்துக்கும் அதிகமானோருக்கு உண்பதில் சிக்கல் ஏற்பட்டது. இறந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் கடைசி மூன்று மாதங்களில் வைத்தியசாலை அனுமதி, குழாய் உணவு போன்ற சுமையான சிகிச்சை ஏதேனும் ஒன்றுக்கு உட்பட்டிருந்தனர். நோயின் போக்கைக் குடும்பத்தார் விளங்கியிருந்த இடத்தில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. விளக்கம் என்பதே இங்கு ஒரு மருந்து.

2003இல் அமெரிக்காவில் வெளியான நோவு அளவுகோல் ஒன்று விமர்சகன் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது. பேச முடியாத மறதி நோயாளிக்கு நோகிறதா என்று அறிய ஐந்து விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு, குரல், முகம், உடலசைவு, ஆற்றுப்படுத்தினால் ஆறுகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை புள்ளி. இது வாசிப்பன்றி வேறென்ன? பிரதியை நுணுகி வாசிக்கவேண்டும் என்று நாற்பது வருடங்களாகப் பேசிவரும் நாங்கள், எங்கள் வீட்டு அலறலை ஜின் என்று வாசித்தோம். அந்தத் தாதி எந்தக் கோட்பாடும் படிக்காமல் சரியாக வாசித்தார். நோர்வேயில் 18 இல்லங்களைச் சேர்ந்த 352 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதையே பெரிய அளவில் காட்டியது. நோவுக்குப் படிமுறையாக மருந்து கொடுத்தபோது, பெரும்பாலானோருக்குச் சாதாரண பரசிற்றமோல்தான், மூர்க்கமும் அமைதியின்மையும் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தன. குணம் என்று நாம் சொன்னதில் ஒரு பகுதி நோவு.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலுள்ள பியாற்றிடியூட்ஸ் எனும் முதியோர் வளாகம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே மறதி நோயாளர் தூங்கும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் அட்டவணை தீர்மானிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்குப் பசித்தால் அப்போது உணவு. இனிப்புப் பிடித்தால் இனிப்பு. கட்டிவைப்பதற்குப் பதிலாக எதனால் அமைதி குலைந்தது என்று தேடுகிறார்கள். பத்தியம் காக்கும் எமது வீடுகளில், மூத்தம்மாவுக்கு நீரிழிவு என்று கடைசி வருடம் வரை தொதலைத் தராமல் மறைத்துவைத்தோம். எந்த எதிர்காலத்துக்காக அந்தப் பத்தியம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

குழாய் விடயம்தான் மிகக் கடினமானது. முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுகிறது என்பதற்குச் சான்றில்லை என 2009இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு கூறியது. 2021இன் புதிய மீளாய்வும் அதே முடிவுக்கு வந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் குழாய்க்குப் பதிலாகக் கையால் கவனமாக ஊட்டுவதைப் பரிந்துரைக்கிறது. ஒரு கரண்டி, ஒரு மிடறு, விழுங்கும்வரை காத்திருத்தல், வாயை மூடிக்கொண்டால் நிறுத்துதல்.

"பட்டினி போட்டுச் சாகவிடுவதா?" என்ற கேள்வி உடனே எழும். எமது வீட்டிலும் எழுந்தது. அது ஈமானிலிருந்து எழும் கேள்வி. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கே உணவு நிறுத்தப்படவில்லை; உணவு கைக்குத் திரும்புகிறது. நோயாளியை உண்ணவும் குடிக்கவும் வற்புறுத்த வேண்டாம், அவர்களுக்கு அல்லாஹ் உணவளிக்கிறான் என்ற கருத்திலான நபிமொழியொன்று திர்மிதியிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருப்பதை நான் மூத்தம்மா மௌத்தாகிப் பல வருடங்களின் பின்னரே வாசித்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் இதை எப்படிப் பொருத்துவது என்பதை உலமாக்களும் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து பேசவேண்டும். ஆனால் கைகளைக் கட்டித்தான் ஒரு மூதாட்டிக்கு உணவு கொடுக்கவேண்டுமெனில் அங்கே வற்புறுத்தல் இல்லை என்று என்னால் இன்று சொல்ல முடியாது.

இத்தகைய பராமரிப்பு பணக்கார நாடுகளுக்கே உரியது என்றும் சொல்ல முடியாது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் தணிப்புப் பராமரிப்பு முயற்சி, 2001இலிருந்து அயலவர் வலையமைப்பாகக் கேரளத்தில் பரவியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டம் அதன் வலுவான தளங்களில் ஒன்று. ஊர்த் தொண்டர்கள் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டி, தாதியோடு வீடுகளுக்குப் போகிறார்கள். இலங்கைச் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்குத் தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய உபாயச் சட்டகமொன்றை வகுத்தது. மையித்தைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்கும் எமது பள்ளிவாசல்கள், உயிரோடிருக்கும் நோயாளியை நோகாமல் குளிப்பாட்டவும் கற்றுக்கொடுக்கலாம். மையித்தின் மூட்டை மென்மையாக மடக்கத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். புளோரியன் ஸெல்லரின் 'தந்தை' என்ற 2020ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கடைசிக் காட்சி இதற்கு ஒரு பதில். அன்ரனி ஹொப்கின்ஸ் நடித்த முதியவர், தான் யாரென்றே தெரியாமல் தாயைத் தேடிச் சிறுபிள்ளையாக அழுகிறார். அருகிலிருக்கும் தாதி அவரை வினாக்களால் மடக்கவில்லை. அணைத்துக்கொண்டு, பிறகு பூங்காவுக்கு நடக்கப் போகலாம் என்கிறாள். மகள் இல்லாத அறையில், உறவில்லாத ஒருத்தியின் தொழிலறிவும் இரக்கமும் ஒன்றாகின்றன. எமது கதையொன்று இப்படி முடிந்ததாக எனக்கு நினைவில்லை. எமது கதைகள் மகன் அழுவதில் முடிகின்றன.

நாம் எதை எழுதுகிறோமோ அதையே அன்பு என்று ஊர் கற்றுக்கொள்கிறது. குழாயைத் தொப்புள்கொடி என்று நான் எழுதியதை வாசித்த யாரோ ஒருவர், தன் உம்மாவின் கட்டிலருகே நின்று அதையே நினைத்திருக்கக்கூடும். அந்த நினைப்பில் கட்டப்பட்ட கைகளைப் பாராமல் விட்டிருக்கக்கூடும். இந்தப் பயமே என்னை இதை எழுதவைத்தது.

நண்பருக்குக் கதையை அனுப்பவில்லை. திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். குழாய் இருக்கிறது, தொப்புள்கொடி இல்லை. துணிப்பட்டி வந்திருக்கிறது. ராத்தா கடைசிக் காட்சியில் இருக்கிறார். உண்மையில் நடந்தது போலவே, யாருமில்லாத ஒரு பின்னேரத்தில் மூத்தம்மாவின் வலது கைக்கட்டை மட்டும் அவிழ்த்து, பார்வையாளர் நேரம் முடியும்வரை அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் முழுவதும் மூத்தம்மா குழாயைத் தொடவேயில்லை.